முதலில் பெட்டி, பிறகுதான் டயர்

டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லைக் கேட்டாலே புதுச்சேரி அரசு ஊழியனுக்கு வயிற்றைக் கலக்கும். காரைக்காலா, மாகேயா, ஏனாமா என்றுதான் மனம் ஓடும். இன்று நான் எழுதுவது அந்த டிரான்ஸ்ஃபர் பற்றியல்ல. ஜீப்பின் அடியில் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்றி. நான் படித்த பிரெஞ்சில் அதற்கு 'புவாத் து திரான்ஸ்ஃபேர்' என்று பெயர். புவாத் என்றால் பெட்டி.

இதில் ஓய்வுபெற்ற கிளார்க்குக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அலுவலக வண்டிகளின் லாக் புத்தகமும் ரிப்பேர் பில்லும் பல வருடம் என் மேசையில்தான் கிடந்தன. மேலும், பேரப்பிள்ளைகள் வாங்கும் வண்டிக்கு முன்பணம் பல வீடுகளில் தாத்தாவின் சேமிப்பிலிருந்துதான் போகிறது. கேட்க நமக்கு உரிமை உண்டு.

வண்டி வந்த மறுவாரமே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், கூரைமேல் நாலு விளக்கு. "லோ கியர் எவ்வளவு?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். காட்டுவண்டிக்கு உயிர் அங்கேதானய்யா இருக்கிறது!

கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது இந்தப் பெட்டியின் முதல் வேலை. லோ கியரில் போட்டால் வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குவது இரண்டாவது வேலை. யுத்தகால வில்லிஸ் ஜீப்பில் அந்தக் குறைப்பு 1.97. இன்றைய ஜிம்னியில் சுமார் 2. ராங்லர் ரூபிகானில் 4. பின்னால் 'ஏ.டபிள்யூ.டி.' என்று எழுத்து ஒட்டிய பல நகரத்து வண்டிகளில் லோ கியரே கிடையாது. எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கிளார்க் கணக்கு ஒன்று போடுவோம். முதல் கியர் 4, லோ கியர் 2, அச்சு 4 என்று வைத்துக்கொண்டால், பெருக்க 32. அதாவது எஞ்சின் 32 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் போட்டால் அந்த 32 ஏறக்குறைய 27-இன் பலனைத்தான் தரும். காசு கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொள்வதற்குப் பெயர் மாடிஃபிகேஷனாம்!

ஏறுவதைவிட இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது. கொழுக்குமலை போன்ற கல்பாதையில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். லோ கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்கும். டயர் கனமாக ஆக பிரேக்குக்குச் சுமை கூடும். குறைப்பு குறையக் குறைய எஞ்சினின் பிடி தளரும். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டுப் பிள்ளைகள் நண்பர்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள்.

"அப்படியானால் பெட்டியையே மாற்றிவிடுவோம்" என்பான் பேரன். அமெரிக்காவில் செய்கிறார்கள், உண்மைதான். என்.பி.203 பெட்டியின் குறைப்புப் பகுதியை இரும்பு உடம்புள்ள என்.பி.205-உடன் கோர்த்து, இரண்டு லோ கியரையும் பெருக்கி ஏறக்குறைய 4 ஆக்குகிறார்கள். அங்கே பலர் அந்த வண்டியை டிரெய்லரில் ஏற்றிப் பாறைக்குக் கொண்டுபோகிறார்கள். நம் பிள்ளை அதே வண்டியில்தான் ஈ.சி.ஆர். சாலையில் கல்லூரிக்குப் போவான். பெட்டி நீண்டால் பின் ஷாஃப்ட் குட்டையாகும், அதன் சரிவு கூடும், வண்டி அதிரும், ஜாயிண்ட் தேயும். ஒன்றை மாற்றினால் நாலை மாற்ற வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிபடச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் நம்மிடம் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

ஆகவே நண்பர்களே, பேரன் வந்து கேட்டால் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். சேற்றிலும் மலையிலும் உனக்கு உண்மையாக வேலை இருக்கிறதா? இல்லையென்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தார் 2023 முதல் கிடைக்கிறது. வாங்கு, அதில் வெட்கமில்லை. வேலை இருக்கிறதென்றால், கம்பெனியே லோ கியர் வைத்துக் கொடுத்த வண்டியா அது? கடைசியாக, அந்த லீவரை எப்போது போட வேண்டும், எப்போது போடக்கூடாது என்று தெரியுமா? திருப்பத்தில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். சாதாரணப் பெட்டி இரண்டு அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால், உலர்ந்த தார்ச்சாலையில் போட்டால் பெட்டிக்குத்தான் கேடு.

மூன்றுக்கும் பதில் வந்தபிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள். டயருக்கும் விளக்குக்கும் அவன் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.