ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்த கார்கள்

எங்கள் ஆர்.ஏ.புரம் பூங்காவில் சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்காரும் நாலைந்து கிழவர்களில், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றிக் கார்ப் பந்தயம் நடந்ததே, அந்தப் பேச்சு வந்தால் இன்றைக்கும் கொதிப்பார்.

"பாதை போட்டாச்சு, தடுப்பு வெச்சாச்சு, ஜனங்க டிக்கெட் வாங்கிண்டு வந்து உக்காந்தாச்சு. பாரிஸ்காரன்கிட்டேர்ந்து ஒரு காகிதம் வரலைன்னு எல்லாத்தையும் நிறுத்தி வெக்கறதா? சார், நீங்க ஆயுசு பூரா பண்ணின வேலை மாதிரின்னா இருக்கு இது!"

கடைசி வாக்கியம் எனக்கு. நான் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன்.

அவர் சொன்னது நடந்ததுதான். மழையில் வேலை தாமதமாகி, அந்தச் சனிக்கிழமை எஃப்.ஐ.ஏ. சான்றிதழ் குறித்த நேரத்துக்குள் வரவில்லை. உயர் நீதிமன்றத்தில் கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கினார்கள். சான்றிதழ் வந்த பிறகுதான் கார்கள் ஓடின. அன்று நண்பருக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையால் எழுதிப் பழகியவனுக்கு எழுதினால்தான் வரும். ஆகவே இந்தப் பதிவு.

எஃப்.ஐ.ஏ. என்பது 1904ல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச மோட்டார் சம்மேளனம். பெயரே பிரெஞ்சுதான். அவர்கள் தரும் அந்தக் காகிதத்துக்கு 'ஒமொலொகாசியோன்' என்று பெயர். இங்கே ஆங்கில வழியில் ஹோமோலோகேஷன் என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இந்தச் சொல் எனக்குப் பழக்கம். மூலம் கிரேக்கம்: 'ஒரே சொல்' என்றும் 'சம்மதம்' என்றும் பொருள் வரும். தமிழில் இதற்கு அச்சாக ஒரு வார்த்தை இருக்கிறது: ஒப்புதல். ஒப்பு என்றால் சமம். ஒப்புதல் என்றால் சம்மதம். காகிதத்தில் இருப்பதும் கண்ணெதிரே இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் சம்மதம். எவ்வளவு நேர்மையான சொல் பாருங்கள்!

தீவுத்திடலில் அது பாதைக்கான ஒப்புதல். காருக்கும் இதே ஒப்புதல் உண்டு. அதன் அருமை ராலி கார்களின் கதையில்தான் நன்றாகத் தெரியும்.

ராலி என்பது வட்டப்பாதைப் பந்தயம் அல்ல. மலைப்பாதை, காட்டுப்பாதை என்று நிஜச் சாலைகளை அடைத்துவிட்டு, கார்களை ஒவ்வொன்றாக அனுப்பி நேரம் குறிப்பார்கள். அந்தக் காலத்தில் அடிப்படை விதி எளியது: ஓடும் கார், கடையில் விற்கும் கார் மாதிரியாக இருக்க வேண்டும். இத்தனை கார் தயாரித்தோம் என்று கம்பெனி கணக்குக் காட்ட வேண்டும். எடை, இன்ஜின் அளவு, கியர் விவரம் எல்லாம் எழுதி ஒரு காருக்கு ஒரு ஃபைல். பந்தயத்தில் அந்த ஃபைலையும் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள்.

எனக்கு இது முதலில் தெரிந்தது 1966ல், பதினைந்து வயதில். மான்டி கார்லோ ராலியில் முதல் மூன்று இடங்களும் பிரிட்டிஷ் மினி கூப்பர் கார்களுக்கு. ஆனால் பரிசு இல்லை. முகப்பு விளக்கில் போட்டிருந்த பல்பும், எதிரே வண்டி வந்தால் வெளிச்சத்தைத் தாழ்த்தும் முறையும் விதிப்படி இல்லை என்று மூன்றையும் தகுதி நீக்கம் செய்தார்கள். வெற்றி, பிரெஞ்சு சித்ரோயன் காரை ஓட்டிய பின்லாந்துக்காரர் பௌலி டொய்வொனனுக்குப் போனது. பள்ளி வாசகசாலைக்குத் தாமதமாக வந்து சேர்ந்த பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்தோம். எங்கள் வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். "விதி என்றால் விதி" என்று மேஜையைத் தட்டினார். ஆனால் ஜெயித்த டொய்வொனனுக்கே அந்த வெற்றி ருசிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சித்ரோயன் காரை ஓட்டவே இல்லை. அடுத்த ஆண்டே மினி மறுபடி ஜெயித்தது.

விதியின் எழுத்தைத் தடியாக எடுத்தால் இப்படித்தான், ஜெயித்தவனுக்கும் கசக்கும். ஆனால் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. எழுத்து மட்டும் சரியாக இருப்பது.

1982ல் ராலி கார்களுக்குப் புது வகுப்புகள் வந்தன. 'குரூப் ஏ' என்றால் பன்னிரண்டு மாதத்தில் 5000 கார் தயாரித்திருக்க வேண்டும். 'குரூப் பி'க்கு 200 போதும். அதற்கு மேல் 20 கார் மட்டும் செய்து, அதையே மேம்படுத்திய மாதிரி என்று காட்டிப் பந்தயத்துக்கு அனுப்பலாம். இருநூறு கார் மக்களுக்கு விற்கிற கார் ஆகுமா? கம்பெனிகள் பந்தயத்துக்கென்றே ராட்சசனைச் செய்து, அதற்குத் தெருக்காரின் பெயரை மாட்டின. லான்சியா டெல்டா எஸ்4 என்ற கார், கடையில் விற்ற டெல்டாவுக்குப் பெயரில்தான் உறவு. இன்ஜின் ஆட்களுக்குப் பின்னால். பெட்ரோல் டாங்க் இருக்கைக்கு அடியில்.

இன்னொரு கதையும் சொல்வார்கள். அதற்கு முந்தைய லான்சியாவை எண்ண அதிகாரிகள் வந்தபோது கார்கள் போதவில்லையாம். ஒரு மைதானத்தில் பாதியை எண்ண வைத்து, அதிகாரிகளைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போய், அதற்குள் அதே கார்களை அடுத்த மைதானத்துக்கு ஓட்டிப்போய் மறுபடி எண்ண வைத்தார்களாம்.

நிஜமோ கட்டோ, இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டில் பன்னிரண்டு தீயணைப்பான்கள், கட்டடத்தில் ஆறு. கீழ்த்தளத்தில் ஆறையும் எண்ணி முடித்து, காபி குடிக்கும் நேரத்தில் அதே ஆறு மாடிக்குப் போயின. மறுபடி எண்ணினோம். ஆறும் ஆறும் பன்னிரண்டு. 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். இரண்டு வருஷம் கழித்து மாடியில் பழைய ஃபைல் அறையில் தீப்பிடித்தது. அங்கே ஒரு தீயணைப்பான்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆள் சேதமில்லை. அது என் கெட்டிக்காரத்தனமல்ல, கிழமையின் புண்ணியம்.

ராலிக்கு அந்தப் புண்ணியம் கிடைக்கவில்லை. 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் ஒரு குரூப் பி கார் கூட்டத்துக்குள் பாய்ந்து வேடிக்கை பார்த்த மூன்று பேர் செத்தார்கள். மே 2ம் தேதி கோர்சிகா தீவில் ஒரு டெல்டா எஸ்4 வளைவில் தடம் மாறிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. ஓட்டியவரும் பக்கத்தில் இருந்த செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். ஓட்டியவர் பெயர் ஹென்றி டொய்வொனன். ஆமாம், 1966ல் மனமில்லாமல் ஜெயித்தாரே, அவருடைய மகன். வயது 29.

சில மணி நேரத்திலேயே முடிவு அறிவித்தார்கள்: அடுத்த ஆண்டு முதல் உச்சப் போட்டியில் குரூப் பி இல்லை, 5000 கார் கேட்கும் குரூப் ஏதான். ஒப்புதல் மறுபடி ஒப்பைக் கேட்டது, இத்தனை உயிரை வாங்கிய பிறகு.

இன்று ராலி1 முதல் ராலி5 வரை படிப்படியான வகுப்புகள். புதியவன் முன்சக்கரம் மட்டும் இழுக்கும் சின்னக் காரில் தொடங்குகிறான். மேலே போகப் போகத்தான் நான்கு சக்கரமும் இழுக்கும் கார். நம் கௌரவ் கில் 2013ல் ஆசிய பசிபிக் ராலி பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனது, நம்மூர் எம்.ஆர்.எஃப். அணிக்காக எஸ்2000 வகுப்பு ஸ்கோடாவில். 2016, 2017ல் மறுபடி வென்றது ஆர்5 வகுப்பில். இன்று அதுதான் ராலி2. விதிகள் அவர் திறமையைக் கட்டிப்போடவில்லையே!

நம் தெருவுக்கு வருகிறேன். நள்ளிரவில் பசுமைவழிச் சாலைப் பக்கம் சைலன்சரை மாற்றிய பைக்குகள் வெடித்துக்கொண்டு போகின்றன. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வண்டி வேறு, சாலையில் ஓடும் வண்டி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கூடாது என்று சொல்லும் மாற்றம் இதுதான். அந்தப் பையன்களை நான் வெறுக்கவில்லை. வேகம் வேண்டுமானால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப்பாதை இருக்கிறது. அங்கே வண்டியை ஒருவர் குனிந்து பார்த்த பிறகுதான் விடுவார்கள். அந்தக் குனிந்து பார்ப்பதுதான் முக்கியம். காகிதம் அதற்குச் சாட்சி, அவ்வளவே.

ஆகவே நண்பரே, அந்தச் சனிக்கிழமை கூட்டம் காத்திருந்தது காகிதத்துக்காக அல்ல. ஒருவர் நடந்துபோய், தடுப்பைக் கையால் தொட்டுப் பார்த்து, "ஆமாம், எழுதியபடி இருக்கிறது" என்று சொல்வதற்காக. நான் ஒருமுறை அப்படிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன். அதனால்தான் சொல்கிறேன், தாமதமானாலும் பரவாயில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படி ஓரம் தொங்கும் தீயணைப்பானில் தேதி பார்த்தேன். காலாவதியாகிப் பதினான்கு மாதம். செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"ரிஜிஸ்டர்ல எல்லாம் சரியா இருக்கே சார்!" என்றார்.

நீங்களும் உங்கள் வீட்டு மாடிப்படியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.