நிச்சயம் ஆன பெண்ணும் நிறுத்தப்படும் மருந்தும்

நிச்சயதார்த்தம் முடிந்த பெண்களில் சிலர், அதன்பின் தங்களுக்குக் குறித்துக் கொடுத்த மறுபரிசோதனை நாளில் வருவதில்லை. அதுவரை தவறாமல் வந்துகொண்டிருந்தவர்கள்தாம். ஆறு மாதமோ எட்டு மாதமோ கழித்துத் தாலிக்கயிற்றோடு வருகிறார்கள். அல்லது திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவசரமாக வருகிறார்கள். இடையில் மருந்து என்னவாயிற்று என்று கேட்டால், விடையைப் பெரும்பாலும் தாயார்தான் சொல்கிறார்: “கல்யாண வேலையில் விட்டுப்போயிற்று.” சில வேளைகளில் அது உண்மை. வேறு சில வேளைகளில் மருந்து தானாக விட்டுப்போகவில்லை. வீட்டார் கூடிப் பேசி நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் பற்றி நோயாளர்களின் குடும்பத்தாரோடு வெளிப்படையாகப் பேசவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த மாதங்களில் ஒரு பெண்ணின் அன்றாடம் எப்படி மாறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். வேலைக்குச் செல்பவராயின் திருமணத்துக்காக விடுப்பைச் சேமிக்கிறார்; மருத்துவமனைக்கு வருவதற்கான அரைநாள் விடுப்பே முதலில் கைவிடப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமைகள் பட்டுப்புடவைக் கடைக்கும் தையற்கடைக்கும் நகைக்கடைக்கும் பத்திரிகை வைக்கும் பயணங்களுக்கும் போய்விடுகின்றன. இரவில் வருங்காலக் கணவரோடு கைப்பேசியில் பேச்சு. அது பன்னிரண்டு மணிக்கு முன் முடிவதில்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவரையொருவர் அறியாத இருவர் பேசித்தானே பழகவேண்டும்? ஆனால் விடியற்காலையில் எழுந்து நிறுவனப் பேருந்தைப் பிடிக்கவேண்டியவருக்கு உறக்கம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. மாலையில் பூப்பந்து ஆடியவருக்கும் மிதிவண்டி ஓட்டியவருக்கும், “வெயில் பட்டால் கறுத்துவிடுவாய், விழுந்து காலை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது?” என்று தடை வருகிறது. அவருடைய விருப்பங்களில் முதலில் பறிபோவது உடலுக்கு நன்மை செய்துவந்த விருப்பமாகவே இருக்கிறது. (நடனம் மட்டும் தப்பித்துக்கொள்கிறது, வரவேற்பு மேடையில் ஆடவேண்டியிருக்கிறதே!)

உறக்கத்தையும் விளையாட்டையும் பின்னர் ஓரளவு மீட்டுக்கொள்ளலாம். நோயை மறைப்பதால் வரும் கேடு அவ்வளவு எளிதில் சரியாவதில்லை.

வலிப்பு நோயையே எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லாமல் நிச்சயம் செய்கிறார்கள். சொல்லாததைத் தொடர்ந்து மறைக்கவேண்டுமானால் மாத்திரை யார் கண்ணிலும் படக்கூடாது. ‘இரண்டு வருடமாக வரவில்லையே’ என்று தாமே ஒரு கணக்குப் போட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வராமல் இருந்ததற்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரக்கூடும். சிலருக்கு இடைவிடாமல் தொடரும் வலிப்பாகவும் மாறி உயிருக்கே ஆபத்தாகும். உறக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவில் மணப்பெண் எவ்வளவு நேரம் உறங்குகிறார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைத்த நோய், ஊரே கூடியிருக்கும் நாளில் வெளிப்படுவதற்கான ஏற்பாடுகளை நாமே செய்துவைக்கிறோம்.

மறைப்பவர்களுக்கு ஒரு பழைய அச்சமும் உண்டு. மீண்டும் மீண்டும் வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டம் ஒரு காலத்தில் கருதியது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வாறு எழுதப்பட்டிருந்தது. 1999-இல் அந்தச் சொல்லை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இன்று அச்சட்டப்படி வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையன்று. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்றார்கள் என்று வழக்குத் தொடுப்பதற்கு அதே சட்டத்தில் இப்போதும் இடம் இருக்கிறது. நோயைக் காட்டிலும் மறைப்பே பெண்ணைச் சட்டத்தின் முன் வலுவிழக்கச் செய்கிறது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் வால்புரோயேட் என்னும் மருந்தைக் கருவுற்ற காலத்தில் உட்கொண்டால், ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. பத்தில் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல் போன்றவற்றின் வளர்ச்சியில் பாதிப்பு வருகிறது. ஆகவே திருமணத்துக்கு முன்பே வேறு மருந்துக்கு மாறமுடியுமா என்று நரம்பியல் மருத்துவரோடு கலந்து பேசவேண்டும். ஒரு மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து மற்றொன்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதற்குப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் இடைப்பட்ட காலம் இதற்கு மிகவும் ஏற்றது. அந்தக் காலத்தில்தான் அவர் வராமற்போகிறார். (இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடவேண்டாம். அடுத்த வேளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நாளைக் காலை மருத்துவரை அழையுங்கள்.)

“சொன்னால் கல்யாணம் நின்றுபோகும்” என்று பெற்றோர் கூறுவதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். நின்றுபோவதும் உண்டு. அதற்குப்பின் அந்தக் குடும்பம் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போகவே தயங்குவதும் உண்டு. இருந்தும் சொல்லவேண்டும் என்பதே என் கருத்து. கூடுமானால் நிச்சயத்துக்கு முன், இயலாமற்போயிருந்தால் இப்போது. சொல்லவேண்டியவர் அந்தப் பெண்; கேட்கவேண்டியவர் அவரை மணக்கப்போகிறவர். தரகரும் சித்தப்பாவும் வழியில் சேர்த்தும் குறைத்தும் சொல்லும் செய்தியாக அது போய்ச் சேரக்கூடாது. இருவரும் சேர்ந்து மருத்துவர் முன் அமர்ந்து கேட்பதானால் இன்னும் நல்லது. அதற்கென நேரம் ஒதுக்கித் தர மருத்துவர்கள் தயங்கமாட்டார்கள். பதினெட்டு வயது நிறைந்தவரின் மருத்துவ விவரங்கள் அவருக்கே உரியவை. அவர் இசைவின்றி வருங்கால மாமியாரிடமும் சொல்லமாட்டோம். அவர் சொல்ல விரும்பும்போது தாயார் கேட்டுக்கொண்டார் என்பதற்காகத் தடுக்கவும் மாட்டோம்.

மாப்பிள்ளை வீட்டாரும் இந்த இதழைப் படிக்கிறீர்கள். பெண்ணின் பல்வரிசை முதல் மாதவிடாய் ஒழுங்கு வரை விசாரிக்கும் நீங்கள், மாப்பிள்ளையின் சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் குடிப்பழக்கத்தையும் பெண் வீட்டார் கேட்டால் முகம் சுளிப்பதேன்? தலசீமியா, அரிவாள் உயிரணு நோய் போன்ற இரத்த நோய்களைப் பொறுத்தவரை, ஒருவரை மட்டும் சோதித்துப் பயனில்லை. இருவருமே அக்குறையின் தாங்கிகளாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என உறவுக்குள் மணம் செய்வோர் இச்சோதனையைத் தவறவிடவே கூடாது.

இனி, புதிதாகத் தேடிக்கொள்ளும் தொல்லைகள். அவற்றுள் எனக்கு மிகுந்த சினமூட்டுவது முகப்பூச்சு. ஒரு மாதத்தில் நிறம் கூடும் என்று தோழியோ அழகு நிலையமோ மருந்துக்கடையோ கொடுக்கும் களிம்புகளில், வலிமை மிக்க ஸ்டீராய்டு கலந்தவை பல. முதல் இரு வாரங்களில் முகம் உண்மையிலேயே பளபளக்கும், அதனால்தான் நம்பிவிடுகிறார்கள். பின்னர் தோல் மெலிந்து சிவக்கிறது, பருக்கள் கிளம்புகின்றன, சிலருக்கு முகத்தில் முடி வளர்கிறது. பூசுவதை விட்டால் எரிச்சல் தாங்கமுடியாமல் மீண்டும் பூசவேண்டியதாகிறது. இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் விதி இறுக்கப்பட்டது. ஆயினும் கைமாறி வருவதற்குச் சீட்டு ஏது? பாதரசம் கலந்த பூச்சுகள் இன்னும் கொடியவை. கேரளத்தின் மலப்புரம் பகுதியில் அத்தகைய பூச்சுகளைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் ஆகியவற்றோடு வந்தவர்களிடம் முகத்துக்கு என்ன பூசினீர்கள் என்று கேட்கவேண்டிய நிலை! இந்தக் களிம்பை நெடுநாள் பூசிவருபவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், திட்டாமல் தோல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். நிறுத்துவதற்கும் முறை உண்டு.

பட்டினியைப் பற்றி நீண்டு எழுதவேண்டியதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, தமிழ்நாட்டிலும் பாதிக்குமேல். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும் ஒருவர், ரவிக்கை அளவுக்காக இரவுணவை விட்டுவிட்டுப் பழச்சாறு குடித்து நாள் கடத்தினால், மேடையில் நான்கு மணி நேரம் நிற்கும்போது மயக்கம் வருவதில் வியப்பில்லை. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையும், தேவையானால் சில மாதங்கள் இரும்புச்சத்து மாத்திரையும் போதும்.

திருமண நாளில் மாதவிலக்கு வராமலிருக்க மாத்திரை கேட்டு வருவோர் பலர். நோரெத்திஸ்டிரோன் என்னும் அந்த மாத்திரையை மாதவிலக்கு வரும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகத் தொடங்கவேண்டும்; நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் மாதவிலக்கு வந்துவிடும். பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. ஆனால் இரத்த நாளத்தில் கட்டி உறைந்த வரலாறு உள்ளவர்க்கும் கல்லீரல் நோயாளிக்கும் இது ஆகாது. பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக்கூடாது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வோர் நினைவில் கொள்ளவேண்டிய மற்றொன்று: இது கருத்தடை மாத்திரை ஆகாது.

தடுப்பூசி பற்றியும் ஒரு சொல். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கே அப்போது போடப்பட்டது. அன்று பதினைந்தைக் கடந்திருந்த பெண்கள்தாம் இன்று மணமேடை ஏறும் வயதில் இருக்கிறார்கள். தனியாரிடம் முன்பே போட்டுக்கொண்டிராவிட்டால் அவர்கள் விடுபட்டிருக்கலாம். கருவுற்ற காலத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் இதயமும் கண்ணும் செவியும் கெடும். இந்த ஊசியைக் கருவுற்றபின் போடமுடியாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்கவும் கூடாது. எனவே திருமணத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. உடனே குழந்தை வேண்டுமென எண்ணுவோர் ஃபோலிக் அமில மாத்திரையையும் ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கவேண்டும். கருவின் தண்டுவடம் உருவாகி மூடிக்கொள்வது முதல் நான்கு வாரங்களில்; கருவுற்றிருப்பது பலருக்குத் தெரியும் முன்பே அது முடிந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் கேட்க வரவேண்டிய பிரிவின் வாசலில் ‘மகப்பேறு மற்றும் மகளிர் நலம்’ என்று எழுதியிருக்கிறது. மணமாகாத பெண் அந்த வரிசையில் அமர்ந்திருப்பதை யாரேனும் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று குடும்பத்தார் அஞ்சுகிறார்கள். முகத்தைத் துப்பட்டாவால் மூடியவாறு அமர்ந்திருப்பவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். அந்த அச்சம் உள்ளவரை, பொது மருத்துவப் பிரிவுக்கு வந்து இவற்றைக் கேட்கலாம். அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயர்ப்பலகையில் மகளிர் நலத்தை மகப்பேற்றிலிருந்து பிரித்தெழுதினால் என்ன என்று நிருவாகத்தாரையும் கேட்கிறேன்.

தைராய்டு மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் முதல் சில வாரங்கள் தடுமாற்றமானவை. லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு, உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு உட்கொள்ளவேண்டும். காப்பியோடு சேர்ந்தால் உடல் அதைச் சரிவர ஏற்பதில்லை. புகுந்த வீட்டில் மாமியார் அன்போடு நீட்டும் காலைக் காப்பியை, “கொஞ்ச நேரம் கழித்துக் குடிக்கிறேன் அத்தை, மாத்திரை போட்டிருக்கிறேன்” என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். முன்பே தெரியப்படுத்தியிருந்தால் அந்தக் காப்பி அரைமணி நேரம் தாமதமாகவே கலக்கப்படும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை இதிலிருந்து நான்கு மணி நேரமேனும் தள்ளிப் போடவேண்டும்.

வேறு ஊருக்குச் செல்பவர்கள் மருத்துவச் சுருக்க அறிக்கை ஒன்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அதனோடு மூன்று மாத மருந்தையும் கைப்பெட்டியிலேயே வையுங்கள். சீர்வரிசைப் பாத்திரங்களோடு லாரியில் அனுப்பினால் எந்த மூட்டையில் இருக்கிறது என்று ஒரு வாரத்துக்குத் தெரியாது.