ஏழு நாள் கெடு யாருக்கு?

"லஞ்சம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்." அரசு அலுவலகச் சுவரில் இந்தப் பலகையைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒரே வரிசையில் நிற்க வைக்கும் அந்த 'உம்'தான் எங்களுக்கு உறுத்துகிறது.

கணவரை இழந்த ஒரு அம்மா எங்களிடம் வந்தார். காலனியில் வீடு, காட்டு வேலைக் கூலி. விதவை உதவித்தொகைக்கு மனு போட்டிருந்தார். மாதம் 1,200 ரூபாய். பரிந்துரைக் கையெழுத்துக்குக் கேட்டது 3,000. ஒரு மாதப் பணம்கூடக் கைக்கு வருமுன்னே இரண்டரை மாதப் பணம் போய்விட்டது. அதையும் வாரக் குழுவில் கடன் எடுத்துத்தான் கொடுத்தார். இனி அரசு தரும் பணம் வங்கிக்கு வந்தால் முதலில் வட்டிக்குப் போகும். மாதச் சம்பளக்காரர் பத்திரப் பதிவில் இதே 3,000 கொடுத்துவிட்டு வீட்டில் புலம்புவார், அதோடு முடிந்தது. இந்த அம்மாவுக்கு அது பல வாரத்து அரிசி.

சாதிச் சான்றிதழ் கதை இன்னும் வேடிக்கை. இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். ஆனால் மனு சுற்றிவந்து கிராம நிர்வாக அலுவலரின் 'கள விசாரணை'யில் உட்கார்ந்துகொள்ளும். டீக்கடையில் கேட்காமலே தெரிகிற எங்கள் சாதி, தாலுகா அலுவலகத்தில் மட்டும் விசாரித்தால்தான் தெரியுமாம். அந்தக் காகிதம் இல்லாமல் பிள்ளைக்குக் கல்லூரியில் இடமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. சேர்க்கைக்குக் கடைசி நாள் எது என்று நமக்குத் தெரிவதுபோல அவர்களுக்கும் தெரியும். விலை அதைப் பொறுத்து ஏறுகிறது.

"ஏன் புகார் கொடுக்கவில்லை?" என்று கேட்கும் நல்லவர்களுக்குச் சட்டத்தைச் சொல்கிறோம். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தினார்கள். 8ஆம் பிரிவின்படி லஞ்சம் கொடுத்தவருக்கு ஏழு ஆண்டுவரை சிறை. கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் விலக்கு உண்டு, ஆனால் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் புகார் சொல்லியிருக்க வேண்டும். முன்பு கொடுத்தவரின் வாக்குமூலத்துக்கு 24ஆம் பிரிவு பாதுகாப்பு தந்தது. அதையும் நீக்கிவிட்டார்கள். வாங்கியவர் மீது வழக்கு நடத்தவோ அரசின் முன் அனுமதி வேண்டும். அவருக்குக் கவசம், கூலிக்காரிக்குக் கெடு.

பணம் கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாமே என்பார்கள். போகலாம். ரசாயனப் பொடி தடவும் அந்த நோட்டுகளையும் பெரும்பாலும் புகார்தாரர்தான் கொண்டுவர வேண்டும். மாவட்டத் தலைநகருக்குப் பஸ் செலவு, போன நாளெல்லாம் கூலி இழப்பு, பிறகு வருடக்கணக்கில் சாட்சிக் கூண்டு. இதற்கிடையே ஊருக்குள் 'ஆபீசரை மாட்டிவிட்டவள்' என்ற பெயர். ஊர்த்தெருவில் வேலை கேட்டுப் பிழைக்கிற காலனிப் பெண்ணுக்கு அந்தப் பெயரின் விலை என்னவென்று பலகை எழுதியவருக்குத் தெரியுமா?

கெடு வைக்க வேண்டிய இடம் வேறு. 2010இல் மத்தியப் பிரதேசமும் 2011இல் பீகாரும் சேவை உரிமைச் சட்டம் போட்டன. இத்தனை நாளில் சான்று தர வேண்டும், தராவிட்டால் அலுவலருக்கு அபராதம் என்றன. அதனால் அங்கே லஞ்சம் ஒழிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கடிகாரத்தை மேசைக்கு அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள், அந்த அளவுக்கு அது சரி. மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தாமதத்துக்கான அபராதம் சம்பளத்தில் பிடிக்கப்பட வேண்டும். கட்டாயத்தில் கொடுத்த ஏழையைக் குற்றவாளியாக்கும் ஏழு நாள் கெடு போக வேண்டும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சேர்க்கைக்கு இரண்டு நாளே இருந்தபோது ஒரு தகப்பனிடம், "கொடுத்துத் தொலைங்கண்ணே, பிள்ளை படிப்பு முக்கியம்" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். பலகையின்படி நாங்களும் குற்றவாளிகள்தான்.

இந்த அம்மாவிடம், புகார் எழுதலாமா என்று கேட்டோம். அன்று ஐந்தாம் நாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பேத்தி பன்னெண்டாவது முடிக்கிறா கண்ணு. அடுத்த மாசம் வருமானச் சான்றுக்கு அதே ஆபீசுக்குத்தானே போயி நிக்கணும்?"