முகவலியும் அயனி மதகுகளும்

பாகூர் கொம்யூனின் கடலோர ஊர்களுள் ஒன்று பனித்திட்டு. அங்கு மீன் விற்கும் அம்மையார் ஒருவரைப் பல்லாண்டுகளாக நாம் அறிவோம். கடற்காற்று வீசும்போதெல்லாம் முந்தானையால் வலக்கன்னத்தை மூடிக்கொள்வார். முகம் கழுவவும் சோற்றை மெல்லவும் அஞ்சுவார். மின்னல் வெட்டியதுபோல் சில நொடிகள் வலிக்கும், நிற்கும், மீண்டும் வரும். பல்வலி என்றெண்ணி மூன்று பற்களைப் பிடுங்கினர். வலி போகவில்லை. பிறகு "எல்லாம் மனப்பிரமை" என்னும் சொல்லும் சேர்ந்துகொண்டது.

இந்நோயை மருத்துவர்கள் டிரைஜெமினல் நியூரால்ஜியா என்பர். முக்கிளை நரம்புவலி என நாம் சொல்லலாம். முகத்தசைகளை அசைப்பது ஏழாம் மூளைநரம்பு. முகத்தின் தொடுவுணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டுசெல்வதோ ஐந்தாம் நரம்பு. நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடை என அது மூன்றாகக் கிளைக்கிறது. பல்லின் உணர்வும் அதன் வழியே செல்வதால்தான் குற்றமற்ற பல் பழியேற்கிறது.

நரம்பில் செய்தி மின்துடிப்பாகச் செல்லும். நரம்பின் சவ்வில் புரதத்தாலான நுண்வழிகள் உண்டு. அவை திறந்தால் சோடியம் அயனிகள் உட்பாய்ந்து துடிப்பு எழும். இவற்றை அயனி வாய்க்கால் என்று எழுதுவோர் உளர். பாகூர் ஏரியின் மதகுகளைக் கண்டு வளர்ந்த நமக்கு 'அயனி மதகு' என்பதே பொருத்தமாகப் படுகிறது. வாய்க்கால் திறந்தே கிடக்கும். காலமறிந்து திறந்து மூடுவது மதகன்றோ?

இந்நோயாளருள் பலருக்கு, மூளைத்தண்டின் அருகே இரத்தக்குழாய் ஒன்று நரம்பை அழுத்துகிறது. நரம்பின் மேலுறை தேய்கிறது. அவ்விடத்தில் சோடியம் மதகுகளின் ஒழுங்கு குலைய, துடிப்புகள் மிகையாக எழுகின்றன. காற்றின் வருடலும் வலியாகிறது. வழக்கமான வலிமாத்திரைகள் இங்கே பெரிதும் உதவுவதில்லை. வலிப்புநோய்க்குத் தரப்படும் கார்பமசபின் உதவுகிறது. ஓயாது துடிக்கும் நரம்பின் மதகுகளையே அது மிகுதியாக அடைக்கிறது. 1962ஆம் ஆண்டிலேயே இப்பயன் மருத்துவ இதழில் வெளிவந்துவிட்டது. எனினும் சிலருக்கு அம்மருந்தால் தோலில் கடும் ஒவ்வாமை நேரலாம். மருத்துவரின் கண்காணிப்பின்றி உண்ணலாகாது.

மனப்பிரமை என்போர்க்கு ஒரு செய்தி. வட பாகிஸ்தானின் மூன்று குடும்பங்களில் பிறவியிலேயே வலியறியாத சிலரைப் பற்றிய ஆய்வு 2006இல் வெளியானது. எலும்பு முறிந்தாலும் அவர்களுக்கு நோவு தெரியாது. நேவ் 1.7 எனப்படும் ஒருவகைச் சோடியம் மதகு இயங்காமையே அதற்குக் காரணம். ஒரு மதகு மூடிக்கிடந்தால் வலியே இல்லை என்றால், மதகுகள் நிலைகுலைந்தவர் படும் வலியைப் பொய்யென்பது எங்ஙனம் முறையாகும்?

அம்மையார் பின்னர் நரம்பியல் மருத்துவரிடம் சென்றார். மருந்தால் வலி பெரிதும் தணிந்துள்ளது. இழந்த பற்கள் மீளவில்லை. கன்னம் தொட்டால் மின்னலென வெட்டும் வலிக்கு, பல்லில் குறை காணாதபோது, நரம்பையும் ஐயுற வேண்டும். ஜிப்மர் நம் புதுவையிலேயே இருக்கிறது. ஆனால் நோயின் பெயரையும் அதன் காரணத்தையும் நம் மக்களுக்கு அவர்தம் மொழியில் சொல்வார் இல்லை. தமிழ் கற்பிக்கும் நம் போன்றோர்க்கும் அப்பொறுப்பில் பங்குண்டு. கலைச்சொல் அகராதியில் உறங்குவதற்கன்று. ஒரு பல்லையேனும் காப்பதற்கு.