மருமகளுக்கு மட்டும் தனிச் சாப்பாடா?



கல்யாண வீடு, கோயில், ரேஷன் கடை வரிசை என்று எங்கே போனாலும் சரி, கொஞ்சம் உடம்பு போட்ட பெண்ணைக் கண்டால் நம் ஜனங்களுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னடி இப்படி ஊதிட்டே? வீட்டுல வேலையே செய்யறதில்லையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு நீர்க்கட்டியோ தைராய்டோ இருந்துவிட்டால் அவள் படும் பாடு சொல்லி முடியாது. டாக்டர் "எடையைக் குறைங்கம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். வீட்டிலோ "டாக்டரே சொல்லிட்டார், இனிமே வாயைக் கட்டு" என்று முழுப் பொறுப்பையும் அவள் தலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். இது நியாயமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

பி.சி.ஓ.எஸ். என்று டாக்டர்கள் சொல்லும் நீர்க்கட்டி, வெட்டி எடுக்க வேண்டிய கட்டி இல்லை. சினைப்பையில் முழுதாக வளராமல் நின்றுபோன சிறு சிறு முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் கட்டி மாதிரி தெரிகின்றன. இது ஹார்மோன் கோளாறு. இந்தக் கோளாறு உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அந்த அதிக இன்சுலின், சினைப்பையை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். அதனால் மாதவிலக்கு தள்ளிப்போகும், தாடையில் முடி வளரும், பரு வரும், இடுப்பில் சதை போடும். சதை போட்டால் இன்சுலின் வேலை இன்னும் கெடும். செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கும் வருகிறது. அப்படியிருக்க, "தின்னு தின்னு வந்த வியாதி" என்று பேசுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் சோர்வு வரும், கொஞ்சம் எடை ஏறும். அதனால் டயட்டு, பட்டினி என்று கிளம்பும் முன் ரத்தப் பரிசோதனை செய்து எது காரணம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியாவது கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். ஆனால் மாத்திரை மட்டுமே நம்மை இளைக்க வைத்துவிடாது.

இப்போது நம் வீட்டு அடுப்படிக்கு வருவோம். காலையில் பிள்ளைகளுக்குப் பூரி, வீட்டுக்காரருக்கு நெய் ரோஸ்ட், மாமனாருக்கு இட்லி. இத்தனையும் செய்து பரிமாறிவிட்டு, அவள் மட்டும் ஓட்ஸ் கஞ்சி குடிக்க வேண்டுமாம்! இப்படி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? பத்தாம் நாள் பசி தாங்காமல், மீந்துபோன பூரி நாலையும் அவளே தின்பாள். "இவளுக்கு எங்கே கட்டுப்பாடு இருக்கு" என்ற பேச்சும் சேர்ந்தே வரும். மீந்ததைக் கொட்ட மனசில்லாமல் வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் யாருக்கு இல்லை?

என் ஓரகத்திக்கு வயது 27. 78 கிலோ இருந்தாள். மாதவிலக்கு மூன்று மாதம், நாலு மாதம் வராது. கல்யாணமாகி 4 வருடமாகக் குழந்தை இல்லை என்று ஊர் வாய் வேறு. தெருவுக்கு வந்த ஒருவர், மாசம் 3,000 ரூபாய்க்குப் பவுடர் குடித்தால் 10 கிலோ குறையும் என்றார். எங்கள் மாமியார்தான் "வேண்டாம்" என்று அனுப்பி வைத்தார். நானும் மாமியாரும் கலந்து பேசி, வீட்டுக்கே ஒரே சமையல் என்று முடிவு செய்தோம்.

இதற்காகப் புதுசாக எதுவும் வாங்கவில்லை. எண்ணெய் மாசம் 5 லிட்டர் ஆகிக்கொண்டிருந்ததை, பெரியவர்கள் 5 பேருக்கு மூன்றரை லிட்டர் என்று அளந்து வைத்தோம். தட்டில் முதலில் காய் இரண்டு கரண்டி, கெட்டிப் பருப்போ பயறோ ஒரு கரண்டி, பிறகுதான் சோறு. சாயங்காலம் மிக்சருக்குப் பதில் சுண்டல். ராத்திரி வாரத்தில் இரண்டு நாள் பாசிப்பயறு அடை. காபிக்குச் சர்க்கரை அரை ஸ்பூன். ஒரு நாளைக்கு நாலு காபிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் போட்டால் 8 ஸ்பூன், அதாவது 40 கிராம் சர்க்கரை ஆகிவிடுகிறதே! கேழ்வரகு நல்லதுதான். ஆனால் அதுவும் மாவுச்சத்து. நல்லது என்று இரண்டு சொம்பு கூழ் குடித்தால் பலன் இருக்காது.

"எனக்கு என்ன வியாதி? நான் ஏன் இதைச் சாப்பிடணும்?" என்று என் கொழுந்தனார் முதலில் முறைத்தார். "உங்கப்பாவுக்குச் சர்க்கரை, உங்க அத்தைக்குச் சர்க்கரை. நாளைக்கு உனக்கு வராதுன்னு எழுதியா குடுத்திருக்கு?" என்று மாமியார் கேட்டதும் பேச்சு நின்றது. இந்த வியாதிக்கென்று தனியாக ஓர் உணவு முறை கிடையாது, எல்லோருக்கும் ஏற்ற சத்தான சாப்பாடே போதும் என்றுதான் 2023-ல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதலும் சொல்கிறது. அப்புறம் எதற்குத் தனிச் சட்டி?

சாப்பாட்டை விடப் பெரிய பிரச்சினை நேரம். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்கிறார்கள். அரை மணி வீதம் 5 நாள். கேட்கச் சுலபம். தண்ணீர் பிடிப்பதும் டிபன் பாக்ஸ் கட்டுவதும் யார் செய்வது? "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்பார்கள். நின்று நின்று செய்யும் வேலையில் கால் வலிதான் மிச்சம். மூச்சு கொஞ்சம் வாங்கும்படி விடாமல் நடப்பது வேறு. காலை ஆறு மணிக்கு அவள் நடக்கப் போகட்டும், அந்த நேரம் தண்ணீரை என் கொழுந்தனார் பிடிக்கட்டும் என்று ஏற்பாடு செய்தோம். வீட்டு ஆண்கள் செய்யக்கூடிய வைத்தியம் இதுதான்.

ஏழு மாதத்தில் அவள் 5 கிலோ குறைந்திருக்கிறாள். "இவ்வளவுதானா?" என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆனால் உடம்பு எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வரும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு இப்போது 40 நாளுக்கு ஒரு தடவை வருகிறது. குழந்தை இன்னும் உண்டாகவில்லை. அது எப்போது வந்தாலும் வரட்டும். அவள் முகத்தில் தெளிச்சி வந்திருக்கிறது, எங்களுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல் இருந்தால் "தொல்லை விட்டது" என்று இருந்துவிடாதீர்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப்போய் பின்னால் பெரிய கெடுதலில் கொண்டுவிடலாம். சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம். எடை குறைந்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மாமியார்மார்களே, கணவன்மார்களே, உங்கள் வீட்டுப் பெண்ணை இளைக்கச் சொல்லும் முன் உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல் மாவட்டம்.