தீவக மாணவருக்கு ஏற்ற கணினி எது?



க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைப் பயில்பவர்கள் வீட்டில் ஒரு கணினி வேண்டுமென விரும்புவது இயல்பே. ஆனால் ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒரு குடும்பம் கடற்றொழிலாலும் கூலிவேலையாலும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கணினியை ஒருமுறைதான் வாங்க முடியும். அது ஆறு மாதத்தில் மூலையில் கிடக்குமானால் பணமும் போய்விடும், படிப்பும் தடைப்படும்.

எமது கருத்து இதுவே: குறைந்த விலைக்குக் கிடைக்கும் புதிய மடிக்கணினியை விட, அலுவலகத்தில் பாவித்த நல்ல மேசைக்கணினி ஒன்றை யூ.பி.எஸ். உடன் சேர்த்து வாங்குவதே தீவக மாணவருக்குப் பொருத்தமானது. அதற்கான காரணங்களை நோக்குவோம்.

1. விலை வேறு, செலவு வேறு

கணினியும் அதன் உதிரிப்பாகங்களும் இறக்குமதிப் பொருட்கள். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. அதன்பின் சாதாரண குடும்பங்களுக்குப் புதிய கணினி எட்டாக்கனி ஆயிற்று. பாவித்த கணினிகளின் பக்கம் பலர் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் கடைக்காரர் சொல்லும் விலை முழுச் செலவு அன்று. திரை, சாவிப்பலகை, சுட்டி, யூ.பி.எஸ்., பஸ் மற்றும் படகுக் கூலி, பின்னர் வரும் திருத்தச் செலவு யாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். உங்களிடமுள்ள பணத்தைப் பத்துப் பங்காகப் பிரியுங்கள். ஏழு பங்கைக் கணினிக்கும் திரைக்கும், இரண்டு பங்கை யூ.பி.எஸ்ஸிற்கும் ஒதுக்குங்கள். எஞ்சிய ஒரு பங்கைத் தொடாதீர்கள். முதலாவது பழுது வரும்போது அது கைகொடுக்கும்.

2. மடிக்கணினி சிறந்ததல்லவா?

மின்சாரம் தடைப்பட்டாலும் மடிக்கணினி இயங்கும், மின்னையும் குறைவாகவே எடுக்கும் என்று சிலர் வாதிடுவர். இது சரியான வாதமே. யாழ்ப்பாண நகரில் விடுதியில் தங்கிப் படிக்கும் நெடுந்தீவு மாணவருக்கு மடிக்கணினியே ஏற்றது.

வீட்டிலிருந்து படிப்பவரின் நிலை வேறு. மடிக்கணினியின் மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும். ஒரு சாவி பழுதடைந்தாலும் சாவிப்பலகை முழுவதையும் மாற்ற நேரிடலாம். மேசைக்கணினியில் சாவிப்பலகை பழுதானால் வேறொன்றைச் செருகினால் போதும். நினைவகம், வலுவழங்கி, வன்தட்டு ஆகியவற்றையும் தனித்தனியே மாற்றலாம். திருத்துபவரைத் தேடிக் கடல் கடக்க வேண்டியவருக்கு இது பெரிய அனுகூலம். மேலும், கணினியின் பாகங்களைப் பாடநூலில் படமாகப் பார்ப்பதை விட, மின்னிணைப்பைத் துண்டித்தபின் பெட்டியைத் திறந்து நேரில் பார்ப்பது நன்கு மனதிற் பதியும்.

3. கடையில் பார்க்க வேண்டியவை

டெல் ஒப்ரிபிளெக்ஸ், எச்.பி. எலைற்டெஸ்க், லெனோவோ திங்க்சென்ரர் முதலியன அலுவலகங்களுக்கெனச் செய்யப்பட்டவை. இவை பாவித்த நிலையில் விற்பனைக்கு வருவதுண்டு. 'ஐ5 கணினி' என்று சொன்னவுடன் திருப்தியடைய வேண்டாம். அதற்குப் பின்னாலுள்ள எண்ணைக் கேளுங்கள். ஐ5-6500 எனில் ஆறாம் தலைமுறை, ஐ5-8500 எனில் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11, இன்ரெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தது.

பணம் போதாதெனில் ஆறாம் தலைமுறைக் கணினியில் லினக்ஸ் பணிசெயல் முறைமையை நிறுவலாம். லிப்ரே ஒபிஸ் மென்பொருளில் சொல்முறை வழிப்படுத்தல், விரிதாள், நிகழ்த்துகை, தரவுத்தளம் ஆகிய நான்கையும் பயிலலாம். ப்ரீ பஸ்கால் கொண்டு செய்நிரல் எழுதலாம். இவை யாவும் இலவசம்.

நினைவகம் 8 ஜீ.பி. இருத்தல் நன்று. சேமிப்பிற்கு எஸ்.எஸ்.டி. வகையையே கேளுங்கள். அதனுள் சுழலும் பாகம் இல்லாமையால் படகிலும் பஸ்ஸிலும் குலுங்கினாலும் பழுதடையும் வாய்ப்புக் குறைவு. பணம் கொடுக்குமுன் கணினியை அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு யூ.எஸ்.பி. துளையையும் சோதியுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் பெறுங்கள்.

4. மின்சாரத்தை மறவாதீர்

ஊர்காவற்றுறைக்கு நாட்டின் பிரதான மின்வலையமைப்பிலிருந்து மின்சாரம் கிடைக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் அவ்வலையமைப்புடன் இணைக்கப்படாமல், நீண்டகாலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தன. இம்மூன்று தீவுகளிலும் சூரியசக்தியையும் காற்றையும் இணைத்து மின் உற்பத்தி செய்யும் திட்டத்திற்கு, இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது.

மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் அது திடீரென நின்றால் சேமிக்காத வேலை அழியும், கோப்புகளும் சிதையலாம். யூ.பி.எஸ். பல மணி நேரம் கணினியை இயக்காது. வேலையைச் சேமித்து, முறைப்படி நிறுத்துவதற்கு வேண்டிய சில நிமிடங்களைத் தரும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே அதனை வாங்குகிறோம்.

5. கடலும் உப்புக்காற்றும்

ஊர்காவற்றுறைக்குப் பண்ணை வழியாகத் தரைப்பாதை உண்டு. காரைநகர்ப் பக்கமிருந்து வருவோர் 'பாதை'யில் கடக்கலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகேற வேண்டும். திரையைப் போர்வையால் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் உறையிட்டு, நிமிர்த்தி வைத்துக் கொண்டுசெல்லுங்கள். நாகபூசணி அம்மன் ஆலய உற்சவ நாட்களில் படகுகளில் நெரிசல் மிகுதி. அந்நாட்களைத் தவிர்ப்பது நலம்.

உப்புக்காற்று உலோகத் தொடுகைகளை அரிக்கும். கடலை நோக்கிய யன்னலருகே கணினியை வைக்காதீர்கள். பல வாரங்கள் இயக்காமல் விடவும் வேண்டாம். இயங்கும்போது உண்டாகும் வெப்பம் உள்ளிருக்கும் ஈரத்தைக் குறைக்கும். நிறுத்தியபின், சூடு தணிந்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள்.

6. வாங்க வசதியில்லையா?

கடன்பட்டு வாங்க வேண்டாம். சாதாரண தரத்தில் இப்பாடம் எழுத்துப் பரீட்சையாகவே நடைபெறுகிறது. பாடசாலைக் கணினி கூடத்தில் கிடைக்கும் நேரத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்துங்கள். செய்நிரலை முதலில் கொப்பியில் எழுதி, வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டு செல்லுங்கள். அவ்வாறு பயின்றவர், வீட்டில் கணினியை வைத்து விளையாட்டிலேயே பொழுதைக் கழிப்பவரை முந்திவிடுவார்.

நினைவிற் கொள்க

• விலையை அல்ல, முழுச் செலவைக் கணக்கிடுக.
• செயலியின் பெயருடன் எண்ணையும் கேட்க.
• யூ.பி.எஸ். ஆடம்பரப் பொருளன்று.
• பத்தில் ஒரு பங்கைத் திருத்தத்திற்கென வைத்திருக்க.

பயிற்சி: திரையுடன் சேர்த்து 70 வாற்று எடுக்கும் கணினி நாளொன்றுக்கு 3 மணி நேரம் வீதம் 30 நாட்கள் இயங்கினால் எத்தனை மின் அலகுகள் செலவாகும்? (விடை: 6.3 அலகுகள்.) உங்கள் வீட்டு மின்பட்டியலை எடுத்து, இதனால் மாதச் செலவு எவ்வளவு கூடும் எனக் கணித்துப் பெற்றோருக்குக் காட்டுங்கள். கணினி வாங்கும் பேச்சை அதன்பின் தொடங்குங்கள்.