சொல்லுக்கும் துணை வேண்டும்

எம் மகள் பள்ளியில் ஸ்பானிய மொழி பயில்கிறாள். சென்ற வாரம் ஏட்டை மூடிவைத்து, "அப்பா, இந்த மொழி எனக்கு வேண்டாம், ஏமாற்றுகிறது" என்றாள். 'எஸ்தாசியோன்' என்றால் நிலையம் என மனப்பாடம் செய்திருந்தவள், 'இளவேனில் ஒரு பருவம்' என்னும் பொருளுடைய தொடரை, 'இளவேனில் ஒரு புகைவண்டி நிலையம்' என்று எழுதிவிட்டாள். வகுப்பே நகைத்ததாம். அச்சொல்லுக்குப் பருவம் என்பதும் பொருளாம்.

நாம் நகைக்கவில்லை. வடநாட்டிற்கு வந்த புதிதில் பார்சல் அலுவலகத்தில் பணியேற்றோம். இந்தியில் 'கல்' என்றால் நாளை என்று மட்டுமே அறிந்திருந்தோம். முதியவர் ஒருவர் வந்து, "கல் பீ ஆயா தா" என்றார். நாளை வருவதாகச் சொல்கிறார் போலும் என்றெண்ணி, "அச்சா" என்று தலையசைத்தோம். அவர் வாடிய முகத்துடன் திரும்பிச் சென்றார். 'நேற்றும் வந்தேன்' என்பதே அவர் கூறியது என நண்பர் பின்னர் விளக்கினார். அவருடைய மூட்டையோ எமக்குப் பின்னாலேயே கிடந்தது! 'கல்' நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வேறுபடுத்துவது உடன்வரும் வினைச்சொல். அதற்கு நாம் செவி கொடுக்கவில்லை. மறுநாள் வந்தவரிடம் மன்னிப்புக் கோரினோம்.

இதனை மகளிடம் சொன்னோம். பின்னர் இருவரும் அவளது பாடநூலைப் புரட்டினோம். 'மன்யானா' தனித்து நின்றால் பெரும்பாலும் நாளை. 'லா' என்னும் பெண்பாற் சுட்டு முன்வந்தால் காலை. 'எல்' என்னும் ஆண்பாற் சுட்டு வந்தால் எதிர்காலம். 'மன்யானா போர் லா மன்யானா' என்றால் நாளைக் காலை. 'எல் காபிதால்' மூலதனம். 'லா காபிதால்' தலைநகர். 'பாங்கோ' பணம் போடும் வங்கியுமாம், அமரும் நீள் பலகையுமாம். அதில் பணம் போட்டாரா, அமர்ந்தாரா என்று பார்த்தால் ஐயம் நீங்கும். 'எஸ்பெரார்' என்பதற்குக் காத்திருத்தல், நம்பியிருத்தல் என இரு பொருள்.

நம் தமிழிலும் 'திங்கள்' நிலவையும், மாதத்தையும், கிழமையையும் குறிக்கிறதன்றோ? எந்தத் தமிழ்க் குழந்தையும் அதனால் மொழியை வெறுத்ததில்லை. சொல்லைத் தனியே அன்றி வாக்கியத்தோடு கேட்டு வளர்வதே காரணம்.

ஆகவே, பிறமொழி பயிலும் பிள்ளைகளைச் சொற்பட்டியலை மட்டும் ஒப்பிக்கச் செய்யாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் அதன் சுட்டோடும் ஒரு சிறு வாக்கியத்தோடும் எழுதச் செய்யுங்கள். இரண்டாம் பொருளுக்கு இரண்டாம் வாக்கியம். எம் மகள் மீண்டும் ஏட்டைத் திறந்துவிட்டாள். முதல் பக்கத்தில் 'எஸ்தாசியோன்' இரு வாக்கியங்களோடு நிற்கிறது.